சுவர் 58 டெசிபல், வீடு 52 டெசிபல்

ஒரு சுவரின் ஆய்வகத் தாளில் ஒலிக்குறைப்பு, அதாவது அந்தச் சுவர் தடுக்கும் ஒலி, 58 டெசிபல் என்று இருக்கும். அதே செங்கல், அதே பூச்சோடு அந்தச் சுவரைக் கட்டி முடித்து, ஒரு பக்கம் ஒலிபெருக்கியை வைத்து மறுபக்கம் அளந்தால் 52 வரும். பழி முதலில் கொத்தனார் மேல் விழும், அடுத்து செங்கல் மேல். பெரும்பாலும் இரண்டின் மீதும் தவறு இருக்காது. ஆய்வகத்தில் ஒலிக்கு ஒரே வழிதான்: சுவரை ஆட்டி, அதன் மறுமுகத்தின் வழியே வெளியேறுவது. கட்டடத்தில் அதற்குப் பதின்மூன்று வழிகள். கட்டுவதற்கு முன்பே அந்த 52-ஐக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு விரிதாள் போதும்.

பதின்மூன்று எப்படி வருகிறது? அக்கம்பக்கமாக இரண்டு அறைகள், நடுவே ஒரு பிரிசுவர். பிரிசுவருக்கு நான்கு ஓரங்கள்: கீழே தளம், மேலே கூரை, ஒரு பக்கம் வெளிச்சுவர், இன்னொரு பக்கம் நடைவழிச் சுவர். இந்த நான்கும் பிரிசுவரைத் தாண்டி அடுத்த அறைக்கும் நீள்கின்றன. ஒலி எழும் அறையில் தளம் அதிர்ந்தால், அந்த அதிர்வு சந்திப்பைக் கடந்து அடுத்த அறைத் தளத்துக்குப் போகலாம். அல்லது சந்திப்பில் திரும்பிப் பிரிசுவருக்குள் ஏறலாம். பிரிசுவரின் அதிர்வு அடுத்த அறைத் தளத்துக்குள் இறங்குவது மூன்றாவது வழி. ஓர் ஓரத்துக்கு மூன்று, நான்கு ஓரங்களுக்குப் பன்னிரண்டு, நேர்வழி ஒன்று. அந்தப் பன்னிரண்டையும் பக்கவழிகள் என்று சொல்வோம்.

இந்தக் கணக்கின் அடிப்படையை நெதர்லாந்தைச் சேர்ந்த எடி கெரெட்சன் 1979-இல் வெளியிட்டார். அதுவே பின்னர் ஐரோப்பியத் தரநிலையாகி, 2017-இல் சர்வதேசத் தரநிலையான ஐஎஸ்ஓ 12354 ஆனது. முதல் பகுதி காற்றுவழி ஒலிக்கு, இரண்டாம் பகுதி காலடி ஒலிக்கு, மூன்றாம் பகுதி வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்கு. ஒவ்வொரு அதிர்வெண் பட்டைக்கும் தனித்தனியாகச் செய்யும் விரிவான முறையும் அதில் இருக்கிறது, ஒற்றை எண்ணை மட்டும் வைத்துச் செய்யும் எளிய முறையும் இருக்கிறது. கனமான சுவர்களும் தளங்களும் கொண்ட கட்டடத்துக்கு எளிய முறையே இரண்டு டெசிபல் முன்பின்னாகச் சரியான விடையைத் தந்துவிடும். இங்கே அதைத்தான் போட்டுப் பார்க்கப் போகிறோம்.

கணக்குக்கு வேண்டியவை

ஒவ்வொரு சுவர், தளத்துக்கும் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ என்பது முதல் தேவை. அடர்த்தியைத் தடிமனால் பெருக்கி, பூச்சையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 230 மி.மீ. செங்கல் சுவர் 1800 × 0.23 = 414; இருபக்கமும் சுமார் 12 மி.மீ. சிமென்ட் பூச்சு போட்டால் இன்னொரு 45 கிலோ. மொத்தம் 460 என்று வைக்கலாம். 150 மி.மீ. கான்கிரீட் ஸ்லாப் 2400 × 0.15 = 360. வெளிச்சுவரும் நடைவழிச் சுவரும் இலேசான கட்டுமானக் கல்லால் ஆனவை, பூச்சோடு 180 என்று எடுத்துக்கொள்வோம். கல்லின் அடர்த்தியை விற்பனைத் தாளிலிருந்து அப்படியே எடுக்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: துளையுள்ள கல்லுக்கு அந்தத் தாள் சில சமயம் கல்லின் பொருள் அடர்த்தியைச் சொல்லும், துளைகளைக் கழித்த மொத்த அடர்த்தியை அல்ல. ஒரு கல்லைத் தராசில் வைத்து அதன் வெளி அளவுகளால் வகுத்துப் பார்ப்பது நம்பகமானது.

எடை தெரிந்தால் தனிச் சுவரின் ஒலிக்குறைப்பைத் தோராயமாக எழுதிவிடலாம்:

ஒலிக்குறைப்பு = 37.5 × லாக்(எடை) − 42

லாக் என்பது இந்தப் பதிவு முழுவதும் பத்தை அடியாகக் கொண்ட மடக்கை. 460 கிலோவுக்கு 57.9, 360-க்கு 53.9, 180-க்கு 42.6 வருகிறது. இந்தச் சூத்திரம் 150 கிலோவுக்கு மேல் மட்டுமே செல்லும். கீழே இழுத்துக்கொண்டு போய் ஜிப்சம் போர்டுக்கெல்லாம் போட்டால் வருவது குப்பை எண்.

எடையை இரட்டித்தால் இந்தச் சூத்திரம் 11 டெசிபல் கூட்டுகிறதே, பாடப்புத்தகத்தின் எடை விதி 6 என்றல்லவா சொல்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 6 என்பது, வளையும் விறைப்பைக் கணக்கில் எடுக்காமல், தொங்கும் திரைபோலச் சுவரை நினைத்தால் வருவது. கனமான சுவரின் மாறுநிலை அதிர்வெண் (சுவரில் ஓடும் வளைவலையின் வேகம் காற்றில் ஒலியின் வேகத்தை எட்டும் இடம், விவரம் பின்னால்) தாழ்வாக இருப்பதால், நாம் அளக்கும் பட்டைகளில் பெரும்பகுதி அதற்கு மேலே விழுகிறது. அங்கே தடிமனை இரட்டித்தால் கோட்பாட்டின்படியே சுமார் 9 டெசிபல் கிடைக்கும். மீதி, நிறைய உண்மைச் சுவர்களை அளந்து அந்தப் புள்ளிகளின் ஊடே கோடு போட்டதால் வந்தது.

அடுத்தது சந்திப்பு இழப்பு. அதிர்வு ஒரு மூலையைக் கடக்கும்போது எவ்வளவு இழக்கிறது என்பதை எடை விகிதமே முடிவு செய்கிறது. குறுக்கே நிற்கும் உறுப்பின் எடையை, அதிர்வு வரும் உறுப்பின் எடையால் வகுத்து லாக் எடுங்கள். அதை ‘எம்’ என்போம்.

கூட்டல்குறி வடிவச் சந்திப்பில் நேரே கடந்தால்: 8.7 + 17.1 × எம் + 5.7 × எம்²
அதே சந்திப்பில் திரும்பினால்: 8.7 + 5.7 × எம்²
டி வடிவச் சந்திப்பில் நேரே கடந்தால்: 5.7 + 14.1 × எம் + 5.7 × எம்²
அதே சந்திப்பில் திரும்பினால்: 5.7 + 5.7 × எம்²

இவை இறுக்கமாகப் பிணைந்த சந்திப்புகளுக்கு மட்டும். பிரிசுவர் மேலும் கீழும் தொடர்ந்தால் தளத்தோடு சேரும் இடம் கூட்டல்குறி. வெளிச்சுவரோடு சேரும் இடம் டி.

ஒரு பக்கவழியின் ஒலிக்குறைப்பு: இரண்டு உறுப்புகளின் ஒலிக்குறைப்புச் சராசரி + சந்திப்பு இழப்பு + 10 × லாக்(பிரிசுவர்ப் பரப்பு ÷ சந்திப்பின் நீளம்). உட்சுவர்ப் பலகை ஏதேனும் பொருத்தியிருந்தால் அதன் பயனும் இதில் கூடும். ஒரே வழியின் இரு முனைகளிலும் பலகை இருந்தால் பெரியதை முழுதாகவும் சிறியதைப் பாதியாகவும் சேர்க்க வேண்டும்.

போட்டுப் பார்ப்போம்

பிரிசுவர் 4 மீ. அகலம், 3 மீ. உயரம், 12 ச.மீ.

தளம்: எம் = லாக்(460 ÷ 360) = 0.107. நேர் இழப்பு 10.6, திரும்பும் இழப்பு 8.8. சந்திப்பு நீளம் 4 மீ., எனவே கடைசி உறுப்பு 4.8. தளத்திலிருந்து தளத்துக்கு 53.9 + 10.6 + 4.8 = 69.3. தளத்திலிருந்து பிரிசுவருக்கும், பிரிசுவரிலிருந்து தளத்துக்கும் 69.5 வீதம். கூரைக்கும் இதே எண்கள்.

வெளிச்சுவர்: எம் = லாக்(460 ÷ 180) = 0.408. நேர் இழப்பு 12.4, திரும்பும் இழப்பு 6.6. நீளம் 3 மீ., கடைசி உறுப்பு 6.0. சுவரிலிருந்து சுவருக்கு 42.6 + 12.4 + 6.0 = 61.0. திரும்பும் வழிகள் இரண்டும் 62.9. நடைவழிச் சுவருக்கும் இதுவே.

நேர்வழி 57.9.

பக்கவழி ஒவ்வொன்றும் நேர்வழியைவிட நல்ல எண்ணாகவே இருக்கிறது. இங்கேதான் பலர் நிம்மதியாகக் கணக்கை மூடிவிடுகிறார்கள். ஆனால் ஒலி எல்லா வழியிலும் ஒரே நேரத்தில் போகிறது. டெசிபலை ஆற்றலாக மாற்றி (ஒவ்வொன்றையும் 10-இன் −ஒலிக்குறைப்பு/10 அடுக்காக), கூட்டி, மறுபடி டெசிபலாக்க வேண்டும். செய்தால் மொத்தம் 52.3. அடுத்த அறையில் கேட்கும் ஆற்றலில் நேர்வழியின் பங்கு 27 சதவீதம்தான். தளமும் கூரையும் 12 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. மீதி 61 சதவீதம், யாரும் குறை சொல்லாத அந்த இரண்டு இலேசான சுவர்கள் வழியாக வருகிறது.

இப்போது பணம் செலவழிக்கும் கேள்வி. கேட்கும் அறைப் பக்கம் பிரிசுவரின் முன்னால், சுவரைத் தொடாமல் தனிச்சட்டத்தில் ஜிப்சம் போர்டும் கனிமக் கம்பளியும் கொண்ட பலகை ஒன்றை நிறுத்துகிறோம். அதன் தனிப்பயன் 10 டெசிபல் என்று கொள்வோம். விடை 62 ஆகுமா? 54.7. பத்து டெசிபல் பலகை 2.4 டெசிபல்தான் தருகிறது. பிரிசுவரை விட்டுவிட்டு அதே பலகையை இரண்டு இலேசான சுவர்களுக்கும் கேட்கும் பக்கத்தில் போட்டால்? 54.4. அதுவும் ஏமாற்றம்தான். மூன்றுக்கும் போட்டால் 60.0. ஒன்றுக்கு 2.4, மற்றதற்கு 2.1, இரண்டும் சேர்ந்தால் 7.7. டெசிபல் கூட்டல் இப்படித்தான் விளையாடும். பாதி வேலை செய்து “ஒன்றும் ஆகவில்லை” என்று நிறுத்தியவர்களுக்குத் தேவைப்பட்டது பெரும்பாலும் அந்த மறுபாதிதான். 60-ஐ எட்டிய பிறகு தளமும் கூரையும் பாதிக்குச் சற்றே குறைவான பங்கை எடுத்துக்கொள்கின்றன. அதற்கு மேல் போக மிதக்கும் தளமும் தொங்கும் கூரையும் இல்லாமல் முடியாது.

இன்னொரு வழி, பிரிசுவரையே கனமாக்குவது. 460-ஐ 690 கிலோ ஆக்கினால் தனிச்சுவர் 6.6 டெசிபல் ஏறுகிறது, மொத்தம் 56.7 ஆகிறது, அதாவது 4.4 ஏற்றம். பலகையைவிட இது நன்றாக வேலை செய்யக் காரணம், கனமான சுவர் சந்திப்பில் பக்கச்சுவரை இறுக்கிப் பிடிக்கிறது. ‘எம்’ ஏறுவதால் பக்கவழிகளும் சேர்ந்து அடைபடுகின்றன. இந்த நன்மை எந்த விற்பனைத் தாளிலும் வராது.

எந்த எண்ணைக் கேட்கிறார்கள்?

52.3 என்பது பரப்பை வைத்துச் சொன்ன எண். அறையில் காதுக்கு எட்டும் மட்ட வித்தியாசத்தை, அரை நொடி எதிர்முழக்க நேரத்துக்கு (ஒலி நின்றபின் அறையில் அதன் முழக்கம் அடங்க எடுக்கும் நேரம்) சரிசெய்து சொல்வது வேறு எண். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக 10 × லாக்(0.32 × கனஅளவு ÷ பரப்பு) கூட்ட வேண்டும். கேட்கும் அறை 60 க.மீ. என்றால் 2.0 கூடி 54.3. ஜெர்மனியின் டிஐஎன் 4109 அடுக்குமாடி வீடுகளின் பிரிசுவருக்கு முதல் வகை எண்ணில் 53 கேட்கிறது. நம் சுவர் தோற்கும். இங்கிலாந்தின் விதி, புதுக் கட்டடத்துக்கு இரண்டாம் வகை எண்ணில், அதுவும் தாழ்ந்த ஒலிக்கான திருத்தத்தைச் சேர்த்து 45 கேட்கிறது. திருத்தம் −5 என்றாலும் 49 வந்து நம் சுவர் தாராளமாகத் தேறும். 53 பெரியது, 45 சிறியது என்று இரு நாட்டு விதிகளை அருகருகே வைத்து ஒப்பிடும் கட்டுரைகளை நம்ப வேண்டாம்.

ஒற்றை எண் எப்படிப் பிறக்கிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 100 முதல் 3150 ஹெர்ட்ஸ் வரை பதினாறு பட்டைகளில் அளக்கிறார்கள். ஐஎஸ்ஓ 717 தரும் வளைவை ஒவ்வொரு டெசிபலாக நகர்த்தி, அளவீடு வளைவுக்குக் கீழே விழும் பற்றாக்குறைகளின் கூட்டுத்தொகை 32-ஐத் தாண்டாத உச்சநிலையில் நிறுத்துகிறார்கள். அப்போது 500 ஹெர்ட்ஸில் வளைவு காட்டுவதுதான் அந்த எண். ஆகவே ஒரே எண் கொண்ட இரண்டு சுவர்கள் காதுக்கு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஜிப்சம் போர்டு இரட்டைச் சுவரும் கான்கிரீட் சுவரும் 54 என்று ஒரே எண் வாங்கலாம். பேஸ் இசைக்கு முன்னால் ஜிப்சம் சுவர் தோற்றுப்போகும். தாழ்ந்த ஒலிக்கான திருத்த எண் அதற்கு −8, −10 என்று இறங்குவதைத் தாளிலேயே பார்க்கலாம். இசை கேட்கும் அண்டைவீடு என்றால் முதல் எண்ணை விட்டுவிட்டு அந்தத் திருத்தத்தைப் படியுங்கள்.

இலேசான சுவர்களின் இரண்டு பள்ளங்கள்

ஒரு பலகையில் ஓடும் வளைவலையின் வேகம் அதிர்வெண்ணோடு ஏறுகிறது. அது காற்றில் ஒலியின் வேகத்தை எட்டும் இடத்தில் இரண்டும் கைகோத்துக்கொண்டு, ஒலி எளிதாக ஊடுருவுகிறது. மாறுநிலை அதிர்வெண் என்று மேலே சொன்னது இந்த இடத்தைத்தான்; ஜெர்மன் ஒலியியலாளர் லோதர் கிரெமர் 1942-இல் விளக்கியது இது. கண்ணாடிக்கு, தடிமன் மில்லிமீட்டரில் எவ்வளவோ அதால் 12,000-ஐ வகுத்தால் அந்த அதிர்வெண் ஏறத்தாழக் கிடைக்கும்: 6 மி.மீ.க்கு 2000 ஹெர்ட்ஸ். 12.5 மி.மீ. ஜிப்சம் போர்டுக்கு 2500 முதல் 3000 வரை. 150 மி.மீ. கான்கிரீட்டுக்கு 125-க்கு அருகில். தொல்லை நடுவில் இருப்பவற்றில்தான்: 100 மி.மீ. இலேசான கல் சுவருக்கு இது 300-400 ஹெர்ட்ஸில், பேச்சு ஒலியின் நடுவிலேயே விழுகிறது. எடை போதாது, பள்ளமும் தவறான இடத்தில். அறைகளுக்கு நடுவே தடுப்பாக வைக்க மிக மோசமான தேர்வு அதுதான் என்பது என் கருத்து. அதைவிட மெல்லிய, வளையக்கூடிய இரண்டு பலகைகள் மேல்.

இரட்டைச் சுவருக்கு வேறொரு பள்ளம். இரண்டு பலகைகளும் நடுவிலிருக்கும் காற்றும் சேர்ந்து, இரு எடைகளுக்கு நடுவே ஒரு ஸ்பிரிங்போல ஆடும்.

ஒத்ததிர்வு அதிர்வெண் = 60 × √[(1/எடை1 + 1/எடை2) ÷ இடைவெளி]

இடைவெளி மீட்டரில். இருபக்கமும் 9 கிலோ போர்டு, 75 மி.மீ. இடைவெளி என்றால் 103 ஹெர்ட்ஸ். இருபக்கமும் இரட்டைப் போர்டு போட்டால் 73-க்கு இறங்கும். வெப்பத்துக்காகச் செய்யும் 4 மி.மீ. கண்ணாடி, 12 மி.மீ. இடைவெளி, 4 மி.மீ. கண்ணாடிக்கு 245, வாகன இரைச்சலுக்கு அந்த ஜன்னல் ஏன் உதவுவதில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். இந்த அதிர்வெண்ணுக்குச் சற்று மேலே போனதும் இரட்டைச் சுவர் தன் எடைக்கு மீறிய வேலை செய்கிறது, அந்த அதிர்வெண்ணிலோ ஒற்றைச் சுவரைவிடக் கேவலம்.

உள்ளே வைக்கும் கம்பளி அடர்த்தியாக இருக்க வேண்டும் என்பது தவறான நம்பிக்கை. காற்றிடைவெளிக்குள் ஒலி முன்னும்பின்னும் மோதுவதை அடக்குவதுதான் அதன் வேலை. இலேசானதே போதும், இடைவெளியை முக்கால் பங்காவது நிரப்பினால் சரி. அழுத்தித் திணித்தால் இரண்டு பலகைகளையும் இணைக்கும் பாலமாகிவிடும்.

பழைய சுவரில் தெர்மோகோல் ஒட்டி அதன்மேல் போர்டு ஒட்டுவது இன்னொரு வழக்கமான விபத்து. தெர்மோகோல் காற்றைவிடப் பலமடங்கு விறைப்பான ஸ்பிரிங். ஒத்ததிர்வு 300, 400 ஹெர்ட்ஸுக்கு ஏறி, சுவர் முன்பிருந்ததைவிடப் பல டெசிபல் கீழே போகும். வெப்பக் கணக்குப் பார்ப்பவர்களும் ஒலிக் கணக்குப் பார்ப்பவர்களும் பேசிக்கொள்ளாத கட்டடங்களில் இது தவறாமல் நடக்கும். இரட்டைச் சுவரின் இடைவெளி நடுவில் மூன்றாவதாக ஒரு பலகை சேர்ப்பதும் இதே கதை: இடைவெளி இரண்டாகப் பிரிந்து, தாழ்ந்த ஒலியில் தடுப்பு குறையும். அதே பலகையை வெளிப்பக்கம் ஏற்கெனவே உள்ள போர்டின்மேல் திருகியிருந்தால் லாபம்.

கதவும் இடுக்கும்

50 டெசிபல் சுவர் 10 ச.மீ., அதோடு 27 டெசிபல் கதவு 2 ச.மீ. மொத்தம் 34.7. சுவரை 60 ஆக்கினால் 34.8. கதவைத் தொடாமல் சுவரில் செலவழிப்பது அந்த 0.1-க்காக.

இடுக்குக்கு ஒரு மனக்கணக்கு: பரப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால், சுவர் எதுவானாலும் 30 டெசிபலைத் தாண்டாது. பத்தாயிரத்தில் ஒன்று என்றால் 40. 12 ச.மீ. சுவரில் பத்தாயிரத்தில் ஒன்று வெறும் 12 ச.செ.மீ.; கதவுக்கடியில் 5 மி.மீ. இடுக்கே 45 ச.செ.மீ. வரும். சுவர் ஸ்லாபின் அடிமட்டம்வரை போகாமல் ஃபால்ஸ் சீலிங்கோடு நிற்பது, மின்சுவிட்சுப் பெட்டிகளை இருபக்கமும் முதுகோடு முதுகு வைப்பது, இரு அறைகளுக்கும் பொதுவான குளிர்காற்றுக் குழாய், பூச்சு போடாமல் விட்ட துளையுள்ள கல் — எல்லாம் இந்தக் கணக்கில்தான் சேரும். கல் சுவரைப் பொறுத்தவரை பூச்சுதான் காற்றுத்தடை. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே மறைந்திருக்கிறது என்று அங்கே பூசாமல் விடுவார்கள். ஒலிக்கு மறைவிடம் கிடையாது.

காலடி ஒலி

காலடிக்குச் சோதனைக் கருவி, ஐந்து சுத்தியல்கள் கொண்ட ஒரு பெட்டி. ஒவ்வொன்றும் 500 கிராம், 40 மி.மீ. உயரத்திலிருந்து, நொடிக்கு மொத்தம் பத்து அடி. கீழ் அறையில் எவ்வளவு கேட்கிறது என்பது அளவு. ஆகவே இங்கே எண் குறைவதே நல்லது. வெறும் ஸ்லாபுக்குத் தோராயம்: 164 − 35 × லாக்(எடை). 360 கிலோ ஸ்லாபுக்கு 74.5. ஸ்லாபைத் தடித்தாக்கி இதைச் சரிசெய்ய முடியாது. எடையை இரட்டித்தாலும் 10 டெசிபல்தான்.

மிதக்கும் தளம்தான் வழி. ஸ்லாபின்மேல் மென்மையான விரிப்பு, அதன்மேல் சிமென்ட் ஸ்க்ரீட் (சமன் அடுக்கு). ஒத்ததிர்வு 160 × √(விரிப்பின் இயங்குவிறைப்பு ÷ ஸ்க்ரீட் எடை). இயங்குவிறைப்பு என்பது அதிரும்போது விரிப்பு காட்டும் விறைப்பு. விறைப்பு ஒரு கனமீட்டருக்கு 10 மெகாநியூட்டன், ஸ்க்ரீட் 50 மி.மீ. அதாவது சுமார் 100 கிலோ என்றால் 51 ஹெர்ட்ஸ். அதற்கு மேலே குறைப்பு 30 × லாக்(அதிர்வெண் ÷ ஒத்ததிர்வு). 500 ஹெர்ட்ஸில் 30 டெசிபல். பக்கச்சுவர் வழியே இறங்குவதற்கு ஓரிரு டெசிபல் சேர்த்தால் கீழ்வீட்டில் 47 அளவில் நிற்கும். விரிப்பு வாங்கும்போது தடிமனைக் கேட்காமல் இயங்குவிறைப்பைக் கேளுங்கள். அந்த எண்ணைத் தர முடியாத விற்பனையாளரின் விரிப்பைக் கணக்கில் சேர்க்க முடியாது.

கெடுவது எப்போதும் ஓரத்தில். விரிப்பு கிழிந்த இடத்தில் சிமென்ட் ஒழுகி ஸ்லாபைத் தொட்டால், கைப்பிடியளவு பாலமே பத்து டெசிபலுக்கு மேல் தின்றுவிடும். சுவரோரம் நிறுத்தும் மென்பட்டையை டைல்ஸ் போடுகிறவர் தளமட்டத்துக்கு வெட்டிவிட்டு, டைல்ஸைச் சுவரோடு ஒட்டிக் க்ரௌட் அடைப்பார். பிறகு ஸ்கர்ட்டிங் தளத்தில் உட்கார்ந்து சுவரில் ஒட்டியிருக்கும். பட்டையை டைல்ஸ் முடிந்த பிறகே வெட்ட வேண்டும், ஸ்கர்ட்டிங்கை 2-3 மி.மீ. தூக்கி வைத்து அந்த இடைவெளியில் இளகும் சீலன்ட் அடிக்க வேண்டும். ஸ்க்ரீடுக்குள் போகும் குழாய் ஒவ்வொன்றுக்கும் இதே கவனம் வேண்டும்.

கணக்கு நம்பமுடியாத இடம்

தாழ்ந்த அதிர்வெண்ணில் அறைக்குள் ஒலி சீராகப் பரவுவதில்லை. மூலையில் அதிகம், நடுவில் குறைவு. எல்லைக்கோடு 2000 × √(எதிர்முழக்க நேரம் ÷ கனஅளவு). 0.5 நொடி, 60 க.மீ. அறைக்கு 183 ஹெர்ட்ஸ், 30 க.மீ. அறைக்கு 258. அதற்குக் கீழே கணக்கும் அளவீடும் ஐந்தாறு டெசிபல் விலகினால் பதற வேண்டாம். இதனால்தான் கட்டடத்தில் அளப்பதற்கான தரநிலை ஐஎஸ்ஓ 16283, 25 க.மீ.க்குச் சிறிய அறைகளில் 50, 63, 80 ஹெர்ட்ஸுக்கு மூலைகளிலும் அளக்கச் சொல்கிறது.

மற்ற பட்டைகளில் விலகல் வந்தால் அதன் வடிவத்தைப் பாருங்கள். அளந்த வளைவையும் கணித்த வளைவையும் ஒரே தாளில் போடுங்கள். 1000 ஹெர்ட்ஸுக்கு மேல் போகப்போக இரண்டும் விலகிக்கொண்டே போனால் எங்கோ இடுக்கு இருக்கிறது. 200-லிருந்து 400-க்குள் கூர்மையான பள்ளம் என்றால் ஒட்டிய பலகையின் ஒத்ததிர்வு. எல்லாப் பட்டையிலும் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தால் பக்கவழி. சந்திப்பைப் பற்றி நாம் வைத்த அனுமானம் பொய். பிரிசுவரை வெளிச்சுவரோடு பல்கோத்துக் கட்டாமல் வெறுமனே முட்டவைத்திருப்பார்கள், அல்லது மேலே ஸ்லாபுக்கடியில் இரண்டு விரல் இடைவெளியை நுரையால் அடைத்திருப்பார்கள். அங்கே ‘இறுக்கமான சந்திப்பு’ என்ற சூத்திரமே பொருந்தாது.

எந்தப் பக்கவழி என்று பிரித்துச் சொல்ல முடுக்கமானி வேண்டும். ஒலிபெருக்கி அடுத்த அறையில் ஓடிக்கொண்டிருக்க, கேட்கும் அறையின் ஒவ்வொரு பரப்பிலும் ஆறு புள்ளிகளில் அதிர்வு வேகத்தை அளந்து, வேகத்தின் இருமடி × பரப்பு என்று வரிசைப்படுத்தினால் முதலிடத்தில் வருவதே பெரும்பாலும் குற்றவாளி. ஜிப்சம் போர்டு, கண்ணாடி போன்றவை தங்கள் மாறுநிலை அதிர்வெண்ணுக்குக் கீழே அதிர்ந்தாலும் அவ்வளவாக ஒலி எழுப்புவதில்லை. அவற்றை இந்த வரிசையில் அப்படியே சேர்த்தால் குற்றமற்ற பலகைமீது பழி விழும். கான்கிரீட்டுக்கும் செங்கலுக்கும் 200 ஹெர்ட்ஸுக்கு மேல் அந்தக் கவலை இல்லை.